சேறு படாத கால்

1. மூன்றாம் தடவை

புஷ்பராணியின் புண் மூன்றாம் தடவையாகத் திறந்த அன்று டொக்டர் களஞ்சிய வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, இந்தப் பிள்ளைக்கு முழங்காலும் போகப்போகுது. நாங்கள் செய்து குடுத்த காலிலைதான் ஏதோ பிழை."

நான் அப்போது ஸ்ரம்ப் சொக்ஸ் எண்ணிக்கொண்டிருந்தேன். வெட்டிய காலின் மிச்சத்தை நாங்கள் ஸ்ரம்ப் என்போம். அதற்கு மாட்டும் உறை அது. அறுபத்திரண்டு இருக்க வேண்டிய இடத்தில் அறுபதுதான் இருந்தது. அந்த இரண்டும் எங்கே போனது என்ற கவலையை அப்படியே விட்டுவிட்டு எழும்பினேன்.

இப்போது எங்கள் நிலையத்தில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் பதினொரு அறைகளையும் இரண்டு வாகனங்களையும் பார்க்கிறார்கள். சீனி வருத்தத்துக்கு ஒரு கிளினிக், தாய்மாருக்கு ஒரு கிளினிக், பல்லுக்கு ஒரு கதிரை. தொடக்கத்தில் இருந்தது உடையார்கட்டுப் பக்கம் பன்னிரண்டு தகரம் போட்ட ஒரு கொட்டில். மீளக்குடியேறிய சனத்துக்குச் செயற்கைக்கால் செய்து கொடுப்பதற்காக நாலு பேர் தொடங்கினோம். அரச சேவையில் ஓய்வுபெற்று வந்த டொக்டர், புண்ணுக்கு மருந்து கட்டும் மிஸ்ஸி, கால் செய்யும் ரெக்னீசியன் தவம், கூட்டுறவுச் சங்கத்தில் மனேச்சராக இருந்துவிட்டு வந்த நான். தவத்துக்கும் இடதுகால் முழங்காலுக்குக் கீழே இல்லை. தான் செய்த காலில்தான் தானே நின்று வேலை செய்வான்.

காலுக்கென்று வந்தவர்களுக்குப் பிரஷர் இருந்தது. அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு இருமல் இருந்தது. திருப்பி அனுப்ப முடியாமல் பார்த்துப் பார்த்துத்தான் கொட்டில் வைத்திய நிலையமானது. நிலையம் வளர்ந்த கதை அவ்வளவுதான். வேலை செய்யும் முறையை நாங்கள் மாற்றிக்கொண்ட கதை வேறு. அது புஷ்பராணியின் கதை.

2. பளபளக்கும் கால்

புஷ்பராணிக்கு யுத்தத்தின் கடைசி மாதங்களில் ஷெல் பட்டு வலதுகால் போனது. புருஷன் திரும்பி வரவில்லை. இரண்டு பெண்பிள்ளைகள், குளத்துக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் வயல். கிளினிக் நாளில் தோய்த்து மடித்த சீலை உடுத்து, முகத்துக்குப் பவுடர் போட்டு, நாங்கள் கொடுத்த காலில் நேராக நடந்து வருவா. காலில் ஒரு கீறல் இருக்காது.

"என்னக்கா, காலைக் கண்ணாடி அலுமாரிக்குள்ளையோ வச்சிருக்கிறியள்?" என்று தவம் பகிடி விடுவான்.

"நீங்கள் தந்த சாமானெல்லோ தம்பி. கவனமாத்தான் வச்சிருக்கிறன்."

தவத்துக்குப் பெருமையாக இருக்கும். பார்வையிட வருபவர்களுக்கு அந்தக் காலைத்தான் காட்டுவோம்.

ஆனால் ஸ்ரம்பின் முன்பக்கத்தில், எலும்புக்கு நேரே, அந்தப் புண் ஆறவில்லை. ஸ்ரம்ப் இறங்கி நிற்கும் பிளாஸ்டிக் கூட்டை சொக்கெட் என்போம். அது பொருந்தவில்லை என்று நினைத்துத் தவம் மறுபடியும் பிளாஸ்டரில் அச்செடுத்துப் புது சொக்கெட் செய்தான். புண் ஆறுவதுபோல் ஆறித் திறந்தது. இன்னொன்று செய்தான். அதற்கும் திறந்தது. சீனி வருத்தம் இருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. பெரிய ஆஸ்பத்திரி சத்திரசிகிச்சை வைத்தியர், எலும்புக்குள் கிருமி இறங்கினால் முழங்காலுக்கு மேலேதான் வெட்ட வேண்டிவரும் என்று எழுதியனுப்பினார்.

தவம் அதை வாசித்துவிட்டு வேலை மேசையில் சாய்ந்து நின்றான்.

"முழங்கால் இருக்கிறவை நடப்பினம் ஐயா. இல்லாதவை காலைக் காவிக்கொண்டு திரிவினம். வரம்பிலை அவா எப்பிடிப் போறது?"

3. வயலில்

அடுத்த முறை மருந்து கட்டுவதற்குப் புஷ்பராணி வரவில்லை. டொக்டரும் தவமும் நானும் ஓட்டோ பிடித்துப் போனோம். மழை பெய்து ஒழுங்கை முழுக்கக் குழியும் கிடங்கும். ஓட்டோ பிரளப்போகிறது என்று நான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். வீட்டில் மூத்த பிள்ளை மட்டும் நின்றது. "அம்மா வயலுக்கை" என்றது.

வரம்பு வழியே போனோம். புஷ்பராணி மண்வெட்டியுடன் சேற்றில் நின்று மடை வெட்டிக்கொண்டிருந்தா. எங்களைக் கண்டதும் சீலையை இறக்கி மறைக்கப் பார்த்தா. அதற்குள் தவம் கண்டுவிட்டான். முகாமில் யாரோ கொடுத்த பழைய கால் அது. சொக்கெட் முன்பக்கம் வெடித்து, கம்பியாலும் சைக்கிள் ரியூப்பாலும் கட்டியிருந்தது. பாதம் லொறி ரயரில் வெட்டியது. வெடிப்பின் விளிம்பு நிற்கும் இடமும் புண் இருக்கும் இடமும் ஒன்று.

"புதுக்கால் எங்கை பிள்ளை?" என்று டொக்டர் கேட்டார்.

"வீட்டை கிடக்கு. அலுமாரிக்குள்ளை."

"ஏன் அதைப் போடேல்லை?"

புஷ்பராணிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "நீங்கள்தானே டொக்டர் சேறு தண்ணி படக்கூடாது எண்டனியள்? சுவரிலையும் பெரிசா எழுதி ஒட்டிக்கிடக்கு."

ஒட்டித்தான் இருந்தது. பாதத்தின் உள்ளே இருக்கும் ஃபோம் தண்ணீர் பட்டால் ஊறி உதிரும். மாற்றுப் பாதம் வர மாதக்கணக்காகும். அதனால் டொக்டர் சொல்ல, தவம் கொட்டை எழுத்தில் எழுத, மிஸ்ஸி ஒட்டிய அறிவித்தல். வயல் செய்யும் சனத்துக்குச் சேறு படாமல் நடக்கச் சொல்லி எழுதியிருக்கிறோம் என்று எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"கிளினிக்குக்கு வரேக்கையாவது இந்தக் காலைக் காட்டியிருக்கலாமே அக்கா?" என்றான் தவம்.

"இதோடையோ? நல்ல கதை! ஆஸ்பத்திரிக்கு வரேக்கை உள்ளதிலை நல்லதைத்தானே தம்பி போட்டுக்கொண்டு வருவம்."

டொக்டர் வரம்பில் குந்தியிருந்து புண்ணைப் பார்த்தார். எலும்புக்குக் கிருமி இன்னும் போகவில்லை, ஆனால் போக அதிக நாள் எடுக்காது என்றார். புண் மூடும்வரை எந்தக் காலும் போடக்கூடாது, சேற்றில் இறங்கவே கூடாது.

"காலபோகம் டொக்டர், வருசத்திலை பெரிய விளைச்சல். இப்ப தண்ணி பாக்காட்டி வயல் போச்சு."

"முழங்கால் போனால்?"

"முழங்கால் போனால் நான் ஒராள். வயல் போனால் மூண்டு பேர்."

கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

4. ஏசிக்கொண்டு இரு

பக்கத்து வயல்காரர் கந்தையா அண்ணர் இதையெல்லாம் தன் வரம்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு கண் இல்லை. எங்களிடம் பிரஷருக்கு மருந்து எடுப்பவர்.

"டொக்டர், மடை வெட்டிறது ஒரு வேலையே? என்ரை வயலுக்கு வெட்டேக்கை இதையும் வெட்டிவிடுறன். கேட்டால் செய்வம். இவள் கேக்கமாட்டாள்."

"ஒருத்தரும் என்ரை வயலுக்கை இறங்க வேண்டாம்!" என்றா புஷ்பராணி. "போனமுறை உங்கடை மாடு இறங்கினதே போதும்."

"அந்த மாட்டை வித்துப்போட்டன் பிள்ளை. நீ வரம்பிலை இருந்து ஏசு. நான் வெட்டிறன்."

அப்படித்தான் நடந்தது. கந்தையா அண்ணரும் இன்னும் மூன்று வயல்காரரும் முறை வைத்துத் தண்ணீர் பார்த்தார்கள். புஷ்பராணி ஊன்றுகோலுடன் வரம்பில் இருந்து, மடை கூடிப்போச்சு, குறைஞ்சுபோச்சு என்று நாலு பேரையும் ஏசினா. மிஸ்ஸி வீட்டுக்கே போய் மருந்து கட்டினா. எங்கள் நிலையத்தின் வீட்டுத் தரிசிப்பு அந்த வீட்டில்தான் தொடங்கியது.

இந்த இடைவெளியில் தவம் ஒரு வயல்கால் செய்தான். ஃபோம் இல்லை. தடித்த பிளாஸ்டிக் குழாய், அகலமான ரப்பர் அடி, தண்ணீர் வடிய ஓட்டைகள். முதலாவதின் அடி சேற்றில் புதைந்து கழன்றது. இரண்டாவது பாரம் கூடிப்போனது. என்னிடமிருந்த ரிவெற் பெட்டி பாதிக்கு வந்துவிட்டது என்று முறையிட்டேன். மூன்றாவது நின்றது.

புண் மூடியது. முழங்கால் தப்பியது. அந்தப் போகம் புஷ்பராணி தன் காலிலேயே நின்று நெல் அரிவு வெட்டினா.

5. உரப்பைகள்

அடுத்த கிளினிக்குக்கு எல்லோரும் வீட்டில் பாவிக்கிற காலையும் கொண்டுவர வேண்டும் என்று டொக்டர் சொல்லியனுப்பினார். இருபத்தேழு பேர் வந்தார்கள். உரப்பைகளில் கட்டிக்கொண்டு வந்தார்கள். கொட்டிலில் இடம் போதாமல் வெளியே பாய் விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். பாலைமரத்தில் கடைந்த கால் ஒன்று. மீன்வலைக் கயிற்றால் சுற்றிக் கட்டியது ஒன்று. உள்ளே மெத்தைக்காகக் குழந்தைச் சட்டையொன்றை மடித்து வைத்தது ஒன்று. அதைக் கொண்டுவந்த பெண்ணிடம் அது யாருடைய சட்டை என்று மிஸ்ஸி கேட்கவில்லை. அந்தக் காலின் விளிம்பிலும் இரத்தம் காய்ந்திருந்தது.

நான் எண்ணினேன். ஆள் இருபத்தேழு, கால் இருபத்தொன்பது. பிழையாக எண்ணிவிட்டேன் என்று திரும்ப எண்ணினேன். பிழையில்லை. இரண்டு பேருக்கு இரண்டு காலுமே இல்லை.

"இதுகளையும் பாப்பியளெண்டால் அப்பவே சொல்லியிருக்கலாமே ஐயா," என்றார் பாலைமரக் கால்காரர். "வெக்கத்திலை ஒளிச்சு வச்சிருந்தம்."

தவம் தன் சைக்கிள் கரியரில் கட்டியிருந்த பையை அவிழ்த்துக்கொண்டு வந்து, வரிசையின் கடைசியில் ஒரு காலை வைத்தான். குதிப் பக்கம் தேய்ந்து தகடு தெரிந்தது.

"நீருமோ தவம்?" என்றார் டொக்டர்.

"கிணத்தடிக்குப் போடுறது டொக்டர். நல்லதை நனைக்க மனம் வராது. அந்த அறிவித்தலை எழுதினவனே நனைக்கலாமோ எண்டு..." அவன் குனிந்து வேலையைத் தொடங்கினான்.

அன்றிலிருந்து எங்கள் நிலையத்தில் எவரிடமும் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டிலை எதைப் பாவிக்கிறியள்?" என்பதுதான். காலுக்கு மட்டுமல்ல. கண்ணாடிக்கும் குளிசை மருந்துக்கும் குடிதண்ணீருக்கும் அதுதான் கேள்வி. சனம் எங்களுக்கு மரியாதை தந்து நல்லதைக் கொண்டுவருவார்கள். நோய் மற்றதில் இருக்கும். புதிதாக வரும் பிள்ளைகள் அதைக் கேட்டு வாங்கப் பழக வேண்டும்.

முப்பது கால்களையும் தவம் பாயில் இருந்த வரிசைப்படியே திருத்தினான். அவனுடையதை முதலில் எடுக்கச் சொல்லி டொக்டர் இரண்டு தரம் சொன்னார். அவன் கேட்கவில்லை. முப்பதாவதாகத் தன் காலை அவன் கையில் எடுத்தபோது அடுத்த காலபோகத்துக்கு வயல் உழுதுகொண்டிருந்தார்கள்.