பர்ஸோன் மாற்றிய ஆயில்

நான் பொறுமைசாலி இல்லை. காஞ்சன்பாக் பக்கம் ஒரு அரசாங்கத் தொழிற்சாலையில் டீசல் இன்ஜின் ஃபிட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் லோத்குண்டா வீட்டில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. அதனால்தான் ஹுசைன் சாகர் ஏரியில் சவாரிப் படகு விடுகிற இடத்திலிருந்து, இன்ஜின் கோளாறு என்று ஆள் வந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் டீ மாதிரி வெளுத்திருந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் எப்போது மாற்றியது என்று படகு டிரைவரைக் கேட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்த பாய். “பர்ஸோன் இச் பத்லாயா, சாப்” என்றார்.

முந்தாநாள்தான் மாற்றினாராம். இரண்டே நாளில் புது ஆயில் இப்படி ஆகிறதென்றால் இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் தண்ணீரை அடைத்து வைக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்க வேண்டும். கேஸ்கெட் போகிறதென்றால் குளிர்விக்கிற தண்ணீர் ஏறாமலே இன்ஜினைக் கொதிக்கக் கொதிக்க ஓட்டியிருக்க வேண்டும். மேனேஜரிடம் இதை அப்படியே ஒப்பித்தேன். “கரம் நை ஹுவா, சாப்” என்று பாய் குறுக்கே வந்தார். சூடே ஆகவில்லையாம். கையைக் காட்டி அவர் வாயை அடைத்தேன்.

அடுத்த ஞாயிறு புது கேஸ்கெட்டோடு போனேன். பாயைக் காணோம். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்றார் வாட்ச்மேன். பரபரவென்று ஹெட்டைக் கழற்றினேன். பழைய கேஸ்கெட்டில் ஒரு குறையும் இல்லை. ஹெட் கோணவில்லை, பிளாக்கில் விரிசல் இல்லை. பிளாக்கில் தண்ணீரை நிரப்பிவிட்டுக் குந்திப் பார்த்தேன். ஒரு சொட்டு கீழே இறங்கவில்லை.

“முந்தாநாள் மாத்தின ஆயில்ல எப்படித் தண்ணி வரும்?” என்று வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி புலம்பினேன். பர்ஸோன் என்று அவர் சொன்னதையும் சொன்னேன். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த என் மனைவி ரசக் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

“நல்லா இருக்கு போங்க. இந்த ஊர்ல பர்ஸோன்னா முந்தாநாள் மட்டுமா? போன தீபாவளியும் பர்ஸோன்தான், எங்கக்கா கல்யாணமும் பர்ஸோன்தான். வந்து ஏழு வருஷமாச்சு, இதுகூடத் தெரியல.”

அடப்பாவி. அது மாசக்கணக்கில் மாற்றாத ஆயில். ஏரியில் பத்துப் பத்து நிமிஷச் சவாரி. இன்ஜின் சூடேறுவதற்குள் கரைக்கு வந்துவிடும். உள்ளே வேர்க்கிற ஈரம் ஆவியாகிப் போக வழியில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் சேர்ந்திருக்கிறது. சூடே ஆகவில்லை என்று அவர் சொன்னதுதான் நோயே. நான்தான் காது கொடுக்கவில்லை.

மறுநாள் லீவு போட்டேன். ஹெட்டைப் பூட்டி, புது ஆயில் ஊற்றி, அரை மணி நேரம் நன்றாகச் சூடேற ஓட்டி, அதையும் வடித்துவிட்டு மறுபடி மாற்றினேன். ஆயில் தெளிந்தது. தப்பு என்னுடையது என்று மேனேஜரிடம் சொன்னேன். டிரைவரைத் திரும்ப வரச் சொல்ல ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். தன் கவனக்குறைவால்தான் இன்ஜின் கெட்டது என்று பாய் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அவர் வீட்டைத் தேடிப் போனேன். நல்ல சேதியைச் சொல்வதற்கு முன்பே, ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று எரிந்து விழுந்தேன். கோபமெல்லாம் என்மேல்தான்.

“ஆப் போலே தோ ஸஹீ இச் ஹோங்கா, சாப்” என்றார் தலையைக் குனிந்தபடி. நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, எந்த நாள் இன்ஜினைக் கொதிக்கவிட்டோம் என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.