குட்டையனைத் திட்டாதீர்கள்

கைபேசியை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்துக்கொண்டு, அதில் பார்த்த நகைச்சுவைத் தொடருக்குக் கீழே ஒற்றை ஆள்காட்டி விரலால் கருத்து எழுதிக்கொண்டிருக்கிறார் பிரேக் அக்கா. எழுதுகிற ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொன்னால்தான் அவருக்கு விரல் நகரும். "இன்னிக்கு... ரெண்டு எடத்துல... சிரிச்சேன். மூணாவது எடத்துல... நீங்க சிரிக்கச் சொன்னீங்க. எனக்கு வரல." கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு வரி: "நெட்டையன் சீட் பெல்ட் போடல. கவனிக்கவும்."

அவர் கார் ஓட்டக் கற்றுத் தருபவர்; பயிற்சியாளர் பக்கம் தனியாக இருக்கும் பிரேக்கிலிருந்து காலை எடுக்காததால் பிரேக் அக்கா. ஆணோ பெண்ணோ, கல்லூரி மாணவியோ ஓய்வுபெற்ற அதிகாரியோ, வண்டியில் ஏறிவிட்டால் எல்லோரும் 'ராஜா'தான். "கிளட்ச மெதுவா விடு ராஜா. அது என்ன உன் மாமியார் காலா, இந்த மிதி மிதிக்கிற?" நாற்பதைத் தாண்டிக் கற்க வந்த நானும் ஒரு ராஜா.

பயிற்சிப் பள்ளியில் பாதி அவருடையது. மறு பாதி அவருடைய பால்ய சிநேகிதி கண்ணாடி அக்காவுடையது. "கண்ணாடியப் பாரு, கண்ணாடியப் பாரு" என்று ஓயாமல் சொல்வதால் அவருக்கு அந்தப் பெயர். 'பொம்பளைங்க கத்துக்குடுத்து எவன் ஓட்டுவான்' என்று தெருவே சிரித்த காலத்தில் இருவரும் சேர்ந்து தொடங்கியதாம். ஆளுக்கொரு வண்டி. மாணவர் இல்லாத நேரத்தில் இரண்டு வண்டிகளும் மைதானத்து மரநிழலில் முன்னும் பின்னுமாக நிற்கும். இரண்டிலும் ஒரே நகைச்சுவைத் தொடர் ஓடும். முன் வண்டியில் ஒரு சிரிப்பு கேட்கும். சற்றுப் பொறுத்து, வேறு ஏதோ இடத்துக்குப் பின் வண்டியில் ஒரு சிரிப்பு.

தொடரின் ஒவ்வொரு பகுதியும் ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரம்தான். நெட்டையன், குட்டையன் என்று இரண்டு நண்பர்கள். மன்னிப்புக் கேட்க வாய் வராதவர்களுக்காக வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டுத் தருவது அவர்கள் தொழில். மாமனாரின் நாற்காலியை உடைத்த மருமகனுக்காகப் போய், உட்கார்ந்து பேசுகிறோம் என்று இன்னொரு நாற்காலியையும் உடைத்துவிட்டு வருவார்கள். "இதெல்லாம் ஒரு பொழப்பான்னு ஊரே கேக்குது பாரு, நம்மளக் கேட்ட மாதிரியே" என்பார் பிரேக் அக்கா.

ஒரு நாள் வந்த பகுதியில் குட்டையனுக்கு ஓர் அலுவலகத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. அவன் போய்விட்டான். கீழே பார்வையாளர்கள் கொதித்தார்கள். துரோகி என்றார்கள், சோற்றுக்கு நட்பை விற்றவன் என்றார்கள். பிரேக் அக்கா காலை முழுக்க யோசித்து எழுதினார்: "குட்டையனைத் திட்டாதீங்க. நல்ல வேலை வந்தா யாரா இருந்தாலும் போகத்தான் செய்வாங்க. கையப் பிடிச்சு நிறுத்தி வைக்கிறதுக்குப் பேரு நட்பு இல்ல." அவர் எழுதியதிலேயே அதிகம் பேர் விரும்பியது அதுதான். அன்று என்னிடமும் இரண்டு முறை காட்டினார்.

மறுநாள் நான் வண்டியைக் கிளப்பப் போகும்போது கண்ணாடி அக்கா வந்து ஜன்னலருகே நின்றார். கையில் கைபேசி.

"இத மனசாரத்தான் எழுதினியாடி?"

"பின்ன? வேலையத்துப் போயா எழுதினேன்?"

"எனக்கும் ஒரு வேலை வந்திருக்கு. பஸ் கம்பெனியில, டிரைவருங்களுக்குப் பயிற்சி குடுக்குற வேலை. வேற ஊரு. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்தேன். நேத்து இதப் படிச்சப்புறம்தான் உசுரு வந்துச்சு."

பிரேக் அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. "அது நாடகம்டி" என்றார். "அதுல வர்றவனுக்குச் சொன்னேன். உனக்கா சொன்னேன்?"

கண்ணாடி அக்கா தன் வண்டிக்கு நடந்தார்.

அன்று நான் செய்யாத தப்புகளுக்கெல்லாம் வண்டி நின்றது. திருப்பத்தில் நின்றது, ஆளே இல்லாத நேர்ச்சாலையில் நின்றது. "ஏன் ராஜா நிறுத்துற?" என்று அதட்டினார். "நான் இல்லக்கா, நீங்கதான் மிதிச்சீங்க." தன் பக்கத்து பிரேக்கின் மேலிருந்த காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "எட்டாங் கிளாசுல இருந்து கூட வர்றா" என்றார். 

இரண்டு வண்டிகளும் சில நாள் வேறு வேறு மரத்தடியில் நின்றன. ஒரு மதியம் கைபேசியை எடுத்து அந்தக் கருத்தை என் முன்னால் நீட்டினார்.

"அழிச்சிரட்டுமா?"

நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "அழிச்சா அவ பாத்துருவா. ஊருக்குத்தான் உபதேசம்னு நெனச்சுக்கிட்டே போவா. பாவம், போற எடத்துல நிம்மதியா இருக்க வேணாமா?"

கருத்தின் கீழே யாரோ ஒருவர், 'உங்களுக்கு இப்படி நடந்தா தெரியும்' என்று குத்தியிருந்தார். அதற்குப் பதில் எழுதத் தொடங்கினார் அக்கா. முதல் தடவையாக வாய் அசையவில்லை. வீட்டுக்குப் போன பிறகுதான் என் கைபேசியில் தேடிப் படித்தேன்: "நடந்துருச்சு. இப்பவும் அதேதான் சொல்றேன். ஆனா சொல்றப்ப தொண்டை அடைக்குது. அது உங்களுக்குத் தெரியணும்."

அதற்குக் கீழே, அதுவரை ஒரு வரிகூட எழுதியிராத கண்ணாடி அக்கா எழுதியிருந்தார்: "பாத்தேன்டி."

மறுநாள் இரண்டு வண்டிகளும் பழைய இடத்தில் நின்றன. கிளம்பும் நாள்வரை இருவரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்கவில்லை. பஸ் கம்பெனி டிரைவர்கள் கண்ணாடி பார்ப்பார்களா மாட்டார்களா என்றுதான் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

கண்ணாடி அக்கா போன வாரம் போய்விட்டார். பிரேக் அக்காவின் வண்டி பழுதுக்குப் போயிருந்ததால், நேற்று எனக்கு அந்த இன்னொரு வண்டியில் பாடம். கண்ணாடி அக்கா குள்ளம். பிரேக்குக்குக் கால் எட்டுவதற்காகப் பயிற்சியாளர் இருக்கையை முன்னால் இழுத்து வைத்திருந்தார். பிரேக் அக்கா உடம்பை மடக்கி ஏறினார். முழங்கால்கள் இரண்டும் முன்பலகையில் இடித்தன.

"சீட்டப் பின்னாடி தள்ளிக்குங்கக்கா."

குனிந்து இருக்கைக்கு அடியில் இருந்த கம்பியைப் பிடித்தார். பிடித்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, கால்களைக் கோணலாக ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"பரவால்ல, இருக்கட்டும். நீ வண்டிய எடு ராஜா."