முகத்தில் கேட்ட அழுகை

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஒருவர் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

இந்த வயதில் இவளுக்கு இப்படி ஒரு யோகமா என்று சிரிக்காதீர்கள். பார்த்தவர் எங்கள் வீட்டு மருமகன் காளிராஜ். என் தங்கை விஜயாவின் மகள் கௌசல்யாவைக் கட்டியவர். இடம் — ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி. பிரசவ அறைக்கு வெளியே நீளமான வராந்தா. பிளாஸ்டிக் நாற்காலியில் நானும் அவரும். உள்ளே கௌசல்யா; துணைக்கு அவள் அம்மா.

காளிராஜுக்கு ராஜபாளையம் பக்கம் விசைத்தறியில் வேலை. ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிற தறி. வாட்ஸ்அப்பில் தகவல் பார்த்ததும், போட்டது போட்டபடி பைக்கில் கிளம்பி வந்திருந்தார். தலை முழுக்கப் பஞ்சுத் தூசி... ஒரே நாளில் நரைத்துப்போன மாதிரி.

இவரைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒரு புகார் உண்டு. விஜயா என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வாள்: "மாப்பிள்ளைக்குத் தலைக்கனம் ஜாஸ்திக்கா. கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்காரு." நானும் தலையை ஆட்டியிருக்கிறேன். ஆட்டுவதற்கு என்ன செலவு?

அன்றைக்கு அவராகவே நாற்காலியைத் திருப்பி எனக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டார். மெதுவாகச் சொன்னார்.

"அத்தை, எனக்குக் காது சரியாக் கேக்காது. தறிச் சத்தத்துல போயிருச்சு. கௌசிக்குத் தெரியும். உங்க வீட்டுல வேற யாருக்கும் தெரியாது. புள்ள அழுகுற சத்தம் கேட்டா எனக்குச் சொல்லுதீங்களா?"

எதிரே இருப்பவரின் உதட்டையும் முகத்தையும் வைத்தே பேச்சைப் பிடித்துவிடுவாராம். தறி ஓடும்போது ஷெட்டில் எல்லோருமே அப்படித்தானாம். ஆனால் இங்கே நர்சுகள் முகத்தில் மாஸ்க். உதடு தெரியாது. அவருக்கு மிச்சம் இருந்தது என் முகம் ஒன்றுதான்.

முகம்... அதுவரை அதைப் பவுடர் போடுகிற இடம் என்றுதான் நினைத்திருந்தேன்.

வராந்தா ஜன்னலுக்கு வெளியே மேற்கு மலை. செண்பகத்தோப்புப் பக்கம் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே யாரோ உட்கார்ந்து பேண்டேஜ் துணியை ரோல் ரோலாகப் பிரித்து விடுவதுபோல — அவசரமில்லாமல், வெள்ளையாக, சத்தமே இல்லாமல்...

உள்ளே குரல்கள். இன்னும் கொஞ்சம்மா, இன்னும் கொஞ்சம் என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். கௌசல்யாவின் நீண்ட கத்தல் ஒன்று. பிறகு விஜயாவின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது, பொம்பளப் புள்ள என்று.

உதட்டை நன்றாக அசைத்து காளிராஜிடம் சொன்னேன். தலையாட்டினார். ஆனால் கண் நகரவில்லை. அவர் காத்திருந்தது அதற்கு இல்லையே...

அழுகை வரவில்லை.

வேகமான காலடிச் சத்தம். எதையோ உறிஞ்சும் மெஷின் ஒலி. டாக்டரம்மாவின் நிதானமான குரல். விஜயா பேச்சை நிறுத்திவிட்டாள். என் தங்கை பேசாமல் இருக்கிறாள் என்றால் அது சாதாரண விஷயம் இல்லை.

ஒரு நிமிஷம் என்பது எவ்வளவு பெரியது தெரியுமா? அதற்குள் போய் ஒரு ஊரில் குடியிருந்துவிட்டு வரலாம் போலிருந்தது. மின்விசிறி சுற்றுவது ஏதோ தண்ணீருக்கு அடியில் சுற்றுவது மாதிரி... மலையில் ஒரு பாறை தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது.

எதிரே இரண்டு கண்கள். என் முகத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? சிரித்தால் பொய். சிரிக்காவிட்டால் அந்த மனுஷர் அங்கேயே உடைந்துபோவார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளலாமா? திரும்பினால் அதுவும் ஒரு பதில்தானே!

திரும்பவில்லை. அவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

"இன்னும் இல்லையா அத்தை?"

இல்லை என்று தலையசைத்தேன். நாற்காலியைப் பிடித்திருந்த அவர் கைமேல் என் கையை வைத்தேன். முறையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அப்போதுதான்... ஒரு தும்மல் மாதிரி. அடுத்து, ஈரத்துணியைக் கிழித்த மாதிரி ஒரு சின்னச் சத்தம். நிஜமாகவே கேட்டேனா, நானாக நினைத்துக்கொண்டேனா என்று யோசிப்பதற்குள் காளிராஜ் எழுந்து நின்றுவிட்டார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் முகம் என்னிடம் சொல்லாமலே அவரிடம் சொல்லிவிட்டது. அவர் நின்ற பிறகுதான் எனக்கே அழுகை முழுசாகக் கேட்டது — வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும்.

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வெளியே வந்தார். பின்னாலேயே விஜயா. காளிராஜ் டாக்டரின் மாஸ்க்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அதைச் செத்த நேரம் இறக்கிவிட்டுப் பேசுங்கள், இவருக்குக் காது கேட்காது என்றேன். விஜயா அப்படியே நின்றுவிட்டாள்.

டாக்டர் மாஸ்க்கை இறக்கி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பிறந்த முதல் நிமிஷத்திலேயே குழந்தைக்கு மார்க் உண்டாம். உடம்பின் நிறம், நெஞ்சுத் துடிப்பு, தொட்டால் முகம் சுளிக்கிறதா, கைகாலை மடக்குகிறதா, மூச்சு எப்படி — ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் இரண்டு. எங்கள் பேத்தி வாங்கியது ஐந்து. துடைத்து, முதுகைத் தேய்த்து, வாயையும் மூக்கையும் சுத்தம் செய்து, கொஞ்சம் காற்றும் கொடுத்திருக்கிறார்கள். ஐந்தாவது நிமிஷத்தில் மறுபடி பார்த்தபோது ஒன்பது!

"அந்த ஒண்ணு எங்கம்மா போச்சு?" என்றாள் விஜயா. விடுவாளா?

கையும் காலும் இன்னும் லேசாக நீலமாக இருக்கிறதாம். பெரும்பாலான பிள்ளைகள் அப்படித்தான் வருமாம், போகப்போகச் சரியாகிவிடுமாம்.

எனக்குப் பிடித்துப்போனது அந்த ஐந்தாவது நிமிஷம்தான். திணறின பிள்ளைக்குக் கைகொடுத்துவிட்டு, மறுபடியும் போய்ப் பார்க்கிறார்கள் பாருங்கள்! முதல் மார்க்கை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளையின் எதிர்காலத்தை எடைபோடுவதில்லையாம். நாம் என்ன செய்கிறோம்? கல்யாணமான வாரத்தில் ஒரு மாப்பிள்ளைக்குப் போட்ட மார்க்கை இன்றுவரை திருத்தவில்லையே...

விஜயா காளிராஜுக்கு நேராகப் போய் நின்றாள்.

"ஏன் மாப்ள சொல்லல?"

"சொன்னா பொண்ணு குடுப்பீங்களோ மாட்டீங்களோன்னு இருந்துச்சு அத்தை."

"பொறவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"பொறவு பழகிருச்சு. நீங்க வையுறதும் கேக்கல. நிம்மதியா இருந்தேன்."

விஜயா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கவா, அழுகையை அடக்கவா — எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

சாயங்காலம் பிள்ளையைத் துணியில் சுற்றி அவரிடம் கொடுத்தார்கள். கைக்கு வந்ததுமே அலறல். சிவந்த முகம், திறந்த வாய், நடுங்கும் நாக்கு. காளிராஜ் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பிள்ளையை மெதுவாகத் தூக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். அந்தச் சின்ன முதுகு விம்மி விம்மி அவர் மார்பில் அதிர்ந்தது. நாள் முழுக்க மற்றவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷர், அப்போதுதான் கண்ணை மூடினார். ஜன்னலில் மலையே இல்லை. வெள்ளை மட்டும்...

அவர் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. தேவதானத்திலிருந்து அவர் அப்பா. ஒரு கையில் பிள்ளை. இன்னொரு கையால் போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் பேசி முடிக்கட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை.

"அழுதாப்பா. நல்லா அழுதா. நானே கேட்டேன்."

அந்தப் பெரியவர் கேட்டது, சாப்பிட்டியாலே என்றுதானோ என்னவோ!