குற்றால மலையும் எங்கள் அளத்து நாயும்

தூத்துக்குடியில் மலை என்றால் உப்பு அம்பாரம்தான். எழுபதுகளில் உப்பளத்தில் வேலை பார்த்த நான், தினமும் என்னோடு அதில் ஏறி இறங்கிய நாய்க்கு நிஜ மலையைக் காட்ட ஆசைப்பட்டு, கேரளா போகும் உப்பு லாரியில் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன்.

மேலே அருவிக்கு ஏறும் பாதையில் காவலாளி மறித்தார். “நாய் ஏறினா மலை அசுத்தமாயிரும் அண்ணாச்சி.”

அவர் காலடியில் கிடந்தது என்ன? எண்ணெய் தேய்த்துக் குளிக்க வந்த கனவான்கள் எறிந்த சீயக்காய்த் தாள், எச்சில் இலை, உடைந்த எண்ணெய்ப் புட்டி. அந்தக் கனவான்களில் ஒருவரையாவது மறித்தாரா? சத்தம் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். நாலடி நடப்பதற்குள் புட்டிச் சில்லு நாயின் பாதத்தில் ஏறிவிட்டது. குனிந்து பிடுங்கினேன்.

சொட்டிய ரத்தத்தைக் காட்டி அவர் சொன்னார்: “பாத்தீயளா அண்ணாச்சி? இதுக்குத்தான் நாய் வேண்டாம்னேன்.”