இன்ஸ்பெக்டருக்குக் கட்டிய வெள்ளை

எங்கள் பள்ளிக்கூடத்துக் கூரையிலிருந்து நாள் முழுக்க மாவு கொட்டும். சிலேற்றில் விழுந்ததை ஊதிவிட்டு எழுதுவோம். பச்சைத் தென்னையைத் தறித்துக் கைமரம் போட்டிருந்தார் மாமா. இரண்டு மாரி போவதற்குள் கறையான் அதில் குடியேறிவிட்டது. அம்மாவின் அண்ணனான அவர்தான் பள்ளி மனேச்சர். கூரைக்கென்று அரசாங்கம் தந்த, கறையான் தொடாத முதிரை மரம் அவருடைய புது வீட்டில் ஏறியிருந்தது.

நானும் அண்ணனும் அந்தக் கூரையின் கீழ்தான் படித்தோம். அப்பா தோணியேறிப் பட்டணத்துக் கல்விக் கந்தோருக்குப் போய் முறையிட்டார். கூரையைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது.

பெரிய மனிதர் வந்தால் தலைக்கு மேலே வெள்ளைச் சீலை கட்டுவது எங்கள் பக்கத்து மரியாதை. ஊருக்குத் துணி வெளுக்கும் கட்டாடியார் விடியவே வந்து, சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டிவிட்டார். கூரை மறைந்தது.

"மச்சான், அவர் கூரையப் பாக்கத்தானே வாறார். வெள்ளையக் கழட்டுங்க," என்றார் அப்பா.

"மரியாதைக்குக் கட்டினதக் கழட்டுறதா? ஊர்ர மானத்த வாங்கப் போறீங்களா?" என்றார் மாமா. கூடி நின்ற பெரியவர்களும் ஓம் ஓம் என்றார்கள்.

அப்பா விடவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து இறங்கியதும் அவரிடமே போய், "ஐயா, இத விலக்கி ஒருக்காப் பாருங்க," என்று கெஞ்சினார்.

"மரியாதை செய்தவங்கள நோகப் பண்ணப்படாது," என்றார் அவர். மாலையை வாங்கிக்கொண்டார், செவ்விளநீர் குடித்தார், கட்டிடம் நல்லம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இளநீரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அண்ணாந்து பார்க்க மனமில்லாத மனிதனுக்கு என்ன உத்தியோகம்?

எனக்கு அப்போது ஆறு வயது. அன்றைக்கு என் சிலேற்றில் ஒரு துகள்கூட விழவில்லை. இன்ஸ்பெக்டர் வந்ததால் கூரைக்குச் சுகமாகிவிட்டது என்று நம்பினேன்.

அந்த மாரியில், மழை விட்டிருந்த ஒரு காலையில் கூரை இறங்கியது. எங்கள் சின்ன வகுப்பு முற்றத்தில் நின்றது. அண்ணனின் வகுப்பு உள்ளே இருந்தது.

மறுநாள் கட்டாடியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். செத்த வீட்டுக்கும் வெள்ளை கட்டுவது அவர்தான். கூடத்தில் அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். அவனுக்கு மேலே, சுவருக்குச் சுவர் அதே வெள்ளையை இழுத்துக் கட்டியபோது, மாமா வெட்கமில்லாமல் ஒரு நுனியைப் பிடித்துக் கொடுத்தார். அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டேன்:

"இண்டைக்கு இன்ஸ்பெக்டர் ஐயா நம்மட வீட்டுக்கா வாறார்?"