கூறைச் சேலைக்கு ஒரு பிளவுஸ்

நாளிதழ் வேலையை விட்ட பிறகு, இணையத்தில் ஆர்டர் எடுத்து பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினேன். எங்கள் ஆள் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்த் துணியையும், அளவுக்கு ஒரு பழைய பிளவுஸையும் வாங்கி வருவார். பொழிச்சலூரிலும் பம்மலிலும் வீட்டிலிருந்தே தைக்கும் பெண்களுக்கு அவற்றைப் பிரித்துக் கொடுப்போம். அலுவலகம் குரோம்பேட்டையில், ஒரு செருப்புக் கடையின் மாடி.

ஒரு நாள் மதியம் ஓர் ஆசிரியை அழைத்தார். மறுநாள் காலை தாம்பரத்தில் சர்ச்சில் அவர் மகளுக்குக் கல்யாணம்.

"பிளவுஸ் கொக்கி ஒண்ணுகூட மாட்ட முடியலம்மா. உடனே வாங்க."

எந்த பிளவுஸ் என்று கேட்டேன். கூறைச் சேலையினுடையது என்றார். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

மணமகள் வெள்ளைச் சேலையில் சர்ச்சுக்கு வருவாள். தாலி கட்டியதும், மாப்பிள்ளை வீட்டார் எடுத்து, பாஸ்டர் ஜெபம் செய்து தரும் பட்டுக்கு மாறுவாள். அதுதான் கூறைச் சேலை. கல்யாண நாள்வரை அது அவர்கள் வீட்டில்தான் இருக்கும். பிளவுஸுக்கான துணியை மட்டும் முன்கூட்டியே வெட்டி அனுப்புவார்கள். அதே பட்டு கடையில் கிடைக்காது.

ஆசிரியையின் வீடு நான்கு தெரு தள்ளி. கூடத்தில் உறவினர்கள் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளறையில் மணப்பெண் கட்டிலின் ஓரத்தில் இருந்தாள்; அவள் தங்கை கதவருகே. அளவுக்குக் கொடுத்த பிளவுஸையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். இம்மியும் வித்தியாசம் இல்லை. பழையதைத் திருப்பினேன். பக்கவாட்டில் வேறு நிற நூலில் உள்ளே பிடித்துத் தைத்திருந்தது.

"இத யாரு பிடிச்சது?"

தங்கை கதவை விட்டு உள்ளே வந்தாள். "காலேஜ் டேக்கு நான் போட்டேன். அப்போ தைச்சேன். பிரிக்க மறந்துட்டேன்."

"அடிப்பாவி," என்றாள் மணப்பெண். "உன் இடுப்புக்கு நான் எங்கடி போவேன்?"

சாதாரண பிளவுஸ் என்றால் பக்கத் தையலைப் பிரித்துவிட்டால் போதும். உள்ளே துணி திரண்டு உறுத்துகிறது என்று பலர் எழுதியதால், ஒட்டக் கத்தரித்து ஓரம் அடிக்கச் சொல்லியிருந்தது எங்கள் நிறுவனம். பிரித்துவிட ஒன்றும் இல்லை.

ஒரே வழி, சேலையில் இடுப்பில் செருகும் முனையிலிருந்து ஒரு துண்டு வெட்டி இரண்டு பக்கமும் ஒட்டு வைப்பது. சேலை பீர்க்கன்கரணையில் மாப்பிள்ளை வீட்டில் இருந்தது.

ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார். "அளவுகூட ஒழுங்கா குடுக்கத் தெரியாத வீடுன்னு மொத நாளே பேசுவாங்க. எங்க தப்புன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

ஜி.எஸ்.டி. சாலை பெருங்களத்தூர்வரை அடைத்துக் கிடந்தது. பேருந்துகளுக்கு நடுவில் வண்டியை உருட்டியபோது, என்ன சொல்வது என்பதை மட்டும் யோசித்தேன். செய்தி எழுதிப் பழகியவளுக்குக் காரணம் சொல்லாமல் ஒரு வாக்கியத்தை முடிக்க வராது.

மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே நிறுத்தி விசாரித்தார்.

"யாரு தைச்சது?"

"எங்க டெய்லர்ம்மா. அளவு தப்பாயிடுச்சு."

"கல்யாணச் சேலை பிளவுஸ ஆன்லைன்ல தைக்கக் குடுத்தாங்களா? நல்லா இருக்கு." உள்ளே போய்ச் சேலையைக் கட்டிலில் விரித்தார். கத்தரிக்கோலை நான் எடுக்கப் போனேன். "குடுங்க இப்படி. உங்க ஆளுங்க வெட்டினது போதும்." முனையிலிருந்து ஒரு சாண் அகலத்துக்கு அவரே நேராக வெட்டினார். "பாஸ்டர் ஜெபம் பண்றதுக்கு முன்னாடியே அறுபட்ட சேலை. ஞாபகம் வெச்சுக்கறேன்."

பொழிச்சலூரில் அந்த பிளவுஸைத் தைத்த பெண் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பட்டு என்றால் நான் அவளிடம் மட்டும்தான் கொடுப்பேன். கேள்வி கேட்காமல் மெஷினில் உட்கார்ந்தாள். பாதித் தையலில் கேட்டாள்:

"அக்கா, இத எப்படி குடுத்தாங்க? என்னா சொல்லி வாங்கினீங்க?"

சொன்னேன். மெஷின் நின்றது.

"நான் தப்பா தைச்சேன்னா?"

"பொண்ணு வீட்ட விட்டுக்குடுக்க முடியலம்மா."

"என்ன மட்டும் விட்டுக்குடுக்க முடிஞ்சுது."

தைக்கமாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். ஊசியையும் துணியையும் அப்படியே விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள். தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்து மறுபக்கத்தைத் தைத்து, கொக்கிகளைச் சரிபார்த்து, மடித்துக் கொடுத்தாள். "எடுத்துனு போங்க, மேடம்." அதற்கு முன் அவள் என்னை மேடம் என்று அழைத்ததில்லை.

மறுநாள் சர்ச்சில் கடைசி வரிசையில் நின்றேன். மணப்பெண் கூறைச் சேலையில் வெளியே வந்தாள். ஒட்டு இருக்கும் இடம் தெரிந்த எனக்கே அது தெரியவில்லை. ஆசிரியை தன் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் எங்களைப் புகழ்ந்து எழுத, ஆர்டர்கள் குவிந்தன. அடுத்த வாரம் எங்கள் ஆள் பொழிச்சலூருக்குக் கொண்டுபோன பைகள் பிரிக்காமலே திரும்பி வந்தன.

நானே போனேன். அவள் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"மாப்பிள்ளையோட அம்மாகிட்டதான சொன்னீங்க? அவங்ககிட்டயே போய் என் தப்பு இல்லன்னு சொல்லிட்டு வாங்க. அப்பால துணி வாங்கறேன்."

பீர்க்கன்கரணையில் அதே வாசலில் நின்று, தைத்த பெண் மேல் தப்பில்லை என்றேன். மேலே ஏதாவது கேட்டால் எங்கள் நிறுவனத்தைத்தான் சொல்வது என்று முடிவு செய்திருந்தேன். அந்த அம்மா சிரித்துவிட்டார்.

"தங்கச்சி போட்ட தையல்தான? மருமக மறுநாளே சொல்லிட்டா. விழுந்து விழுந்து சிரிச்சோம்." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "நீங்கதான் பழிய, பாவம், அந்தப் பொண்ணு தலையில போட்டீங்க. ஒட்டு வெச்சது கைக்குத் தட்டுப்படவே இல்ல. அவ நம்பரக் குடுங்க. எங்க வீட்டுல இன்னும் ரெண்டு கல்யாணம் இருக்கு."

தைப்பவர்களின் எண்ணை வாடிக்கையாளருக்குக் கொடுப்பதில்லை. அந்த விதி இல்லையென்றால் எங்களைப் போன்ற நிறுவனத்துக்கு வேலையே இல்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்வது அதுதான். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைபேசியைத் திறந்து காத்திருந்தார்.

எண்ணைச் சொன்னேன். ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லிப் பதிந்தார். என் எதிரிலேயே அழைத்தார். அந்தப் பக்கம் அவள் எடுத்ததும், "நீதான்மா அந்த பிளவுஸ் தைச்சது?" என்று ஆரம்பித்தார். நான் வண்டியை எடுத்தேன்.