யாரும் கொழுந்து எடுக்காத நிரை

எங்கள் அக்காவைச் சாகவிட்டவர் தோட்டத்து டொக்டர் ஐயா. காட்டேரி அடித்துச் செத்தார் என்று கருமாதி வீட்டில் பேசிக்கொண்ட உறவுக்காரர்கள் முதலில் இந்த நினைவு மலரைப் படிக்கட்டும். எழுதும் நான் அக்காவின் தங்கை. அதே மலையில் கொழுந்து எடுப்பவள்.

அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டம் மேல் கணக்கு, கீழ்க் கணக்கு என்று இரண்டு பிரிவாகக் கிடக்கிறது. அக்கா பிறந்தது கீழ்க் கணக்கின் வரிசை வீடுகளில், லயத்தில். அம்மாவை நாங்கள் சிறு வயதிலேயே இழந்தோம். எங்கள் பிரஜாவுரிமையைப் பறித்த வருடம் அப்பாவும் செத்துப் போனார். வயசுக்கு வந்து சடங்கான கையோடு அக்கா கூடையைத் தூக்கினார். அவர் திட்டினால் மலை முழுக்கக் கேட்கும். திட்டி முடித்துத் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தருவார். மாமாவைக் கட்டிய பிறகும் என்னைத் தன் ஒற்றை அறைக் காம்பராவிலேயே வைத்துக்கொண்டார்.

பல வருடம் கழித்துத்தான் அக்காவுக்கு உண்டானது. மூன்றாம் மாதமே வயிறு ஏழாம் மாதம் போல் இருந்தது.

“என்னாடி, கூடைய முன்னால கட்டிக்கிட்டு வர்றே?” என்றாள் பக்கத்து நிரைக்காரி.

“ஒனக்கென்னாடி வயித்தெரிச்சல்? ரெட்டையாப் பெத்து ஒண்ண ஒன் தலையில கட்டுறேன்,” என்றார் அக்கா.

மலையில்தான் அந்தச் சிரிப்பு. வீட்டில் ஓயாத வாந்தி. துணியில் பழுப்பாக ரத்தம் பட்டது. ஒரு நாள் என் கையை இழுத்து வயிற்றில் வைத்தார். “ஒண்ணுமே அசையலடி. நீ பாரு.”

பார்த்தேன். வயிறு முட்டிக்கொண்டு நின்றது. ஆள் இல்லாத காம்பராவின் கதவில் கை வைத்தது போல இருந்தது எனக்கு.

டொக்டர் ஐயா தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “ரெட்டைப் புள்ள. போயி வேலையப் பாரு,” என்று அனுப்பிவிட்டார்.

ஒரு பிற்பகல் மூடுபனி இறங்கி, நிரைக்கு நிரை ஆள் தெரியவில்லை. அக்கா முனகுவது மட்டும் கேட்டது. தேடிப் போனோம். தேயிலைச் செடிகளுக்கிடையே ரத்தத்தில் உட்கார்ந்திருந்தார். அவரிடமிருந்து வந்தது பிள்ளை இல்லை. கை இல்லை, கால் இல்லை, முகம் இல்லை. குலை குலையாகத் திராட்சை போல நீர் நிறைந்த குமிழ்கள். பார்த்த பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு ஓடினார்கள்.

டொக்டர் ஐயா வந்து குச்சியால் கிளறிப் பார்த்தார். “மேல் கணக்குலயும் ஒருத்திக்கு இப்படித்தான் வந்துச்சு. இங்கேயே பொதைச்சிருங்க. வெளிய சொன்னா ஒங்களுக்குத்தான் அசிங்கம்.”

“ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கய்யா,” என்றார் மாமா.

“எதுக்கு? அதான் எல்லாம் வெளிய வந்துருச்சே.”

அந்த நிரையிலேயே மாமா குழி வெட்டினார். அதற்குப் பிறகு அங்கே யாரும் கொழுந்து எடுக்கவில்லை. கங்காணி அதட்டினார். “நீங்க எடுங்க கங்காணி, நாங்க பாக்குறோம்,” என்றாள் பக்கத்து நிரைக்காரி. கங்காணியும் எடுக்கவில்லை.

வாந்தி நிற்கும் என்று நினைத்தோம். நிற்கவில்லை. அக்கா புளி கேட்டார், மாங்காய் கேட்டார். பிள்ளை இல்லாத வயிறு மசக்கையில் கிடந்தது. ரத்தம் விட்டு விட்டு வந்தது. வாசலில் உட்கார்ந்து அந்த நிரையையே பார்த்துக்கொண்டிருப்பார். “அங்கேயிருந்து யாரோ கூப்பிடுற மாதிரி இருக்குடி,” என்பார். புதைத்தது தாயைத் தேடுகிறது என்று லயம் முழுக்கப் பேச்சு. மாமா மறுபடி டொக்டர் ஐயாவிடம் போனார். பூசாரியைப் பார்க்கச் சொன்னார் அவர். பூசாரி பூசணிக்காய் வெட்டினார். அக்கா ரத்தமாக இருமத் தொடங்கியபோது டொக்டர் ஐயா ஒரு போத்தல் இருமல் மருந்து கொடுத்தார்.

அதன் பிறகு நாங்களே அக்காவைப் பஸ்ஸில் ஏற்றி நுவரெலியாவுக்குக் கொண்டு போனோம். அங்கே யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா ஒருவர் மூத்திரத்தைச் சோதிக்க அனுப்பினார். கர்ப்பம் இருக்கிறது என்றே முடிவு வந்தது. வயிற்றில் பிள்ளை இல்லை.

“முந்தி வெளியில வந்ததை ஆராவது பாத்தனீங்களோ?” என்று கேட்டார். நான் திராட்சை என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“பேயுமில்லை, பிசாசுமில்லை. பிள்ளையா வளர வேண்டியது பிழைச்சுப் போச்சு. ஆயிரத்தில ஒருத்திக்கு வாற வருத்தம். வெளியில வந்தாப் பிறகும் விடாமல் சோதிச்சுக்கொண்டிருக்க வேணும். கொஞ்சம் உள்ள தங்கினாலும் நெஞ்சு வரைக்கும் பரவும். ஏன் அப்பவே கொண்டு வரேல்லை?”

மாமா அழுதார். நான் அழவில்லை.

அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அக்கா கண் மூடினார். கடைசியாக என்னிடம் சொன்னது இது: “பேயில்லன்னு டொக்டரம்மா சொன்னாங்கள்ல? லயத்துல போயி சொல்லு.” சொல்லிவிட்டேன்.

எங்களுக்காகப் பஸ்ஸை நிறுத்திக் காத்திருந்த சாரதிக்கு நன்றி. மறைக்காமல் பேசிய டொக்டர் அம்மாவுக்கு நன்றி. அன்று ஓடிப் போய், பிறகு திரும்பி வந்து அக்காவின் சேலையை அலசிக் கொடுத்த பக்கத்து நிரைக்காரிக்கு நன்றி. பூசணிக்காய்க்கு நன்றி இல்லை.

வருடம் ஒன்றாகிவிட்டது. அந்த நிரையில் தேயிலை என் தலைக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. இதே போல் வந்த அந்த இன்னொருத்தி யார் என்று மேல் கணக்கில் லயம் லயமாகப் போய்க் கேட்டேன். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. இப்போது எந்தக் காம்பராவில் இருமல் கேட்டாலும் நின்றுவிடுகிறேன்.

டொக்டர் ஐயா, இந்த மலரை நானே உம் கையில் தருவேன். மேல் கணக்கில் ஒருத்தி என்று உம் வாயால் சொன்னீர். பெயர் எங்களுக்கு வேண்டாம். அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீரா? அவள் உயிரோடு இருக்கிறாளா? காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு வாரும். பெண்கள் எல்லாம் கூடையோடு நிற்போம். எங்கள் முன்னால் நின்று பதில் சொல்லும்.